அனிற்றா ஆடாத ஆட்டம்

மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் தோட்டத்தில் மனுசனுக்கு வேலையும் இல்லை, போக்கிடமும் இல்லை. பட்டை நனைந்த மரத்தில் கத்தி வைத்தால் பால் சிரட்டைக்குள் இறங்காது, மரம் முழுக்க வழிந்து வீணாகும். பேர் பதிந்து வேலை பிரிக்கிற விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்கள் தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது, எல்லாரும் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். குடும்பம் உள்ளவர்கள் ரொட்டி சுடுவார்கள், சண்டை போடுவார்கள், சமாதானமாகித் தூங்குவார்கள். எட்வினுக்கு அதற்கும் வழியில்லை. சண்டை போடவாவது வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும் அல்லவா.

பெண்சாதி பிலோமினா போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகிவிட்டது. ஒரே மகள் கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, அங்க மழையா. இந்த மூன்று கேள்விக்கும் அவன் பதில் சொல்லி முடிப்பதற்கு நாலு நிமிசம் ஆகும். பிறகு அவளுக்கும் பேச ஒன்றும் இருக்காது, அவனுக்கும் இருக்காது. அந்த நாலு நிமிசத்துக்காக அவன் சனிக்கிழமை இரவே போனைச் சார்ஜில் போட்டுவிடுவான்.

பெல்மதுளையிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கலுகல்லத் தோட்டம். கீழ்ப்பிரிவு லயத்தில் நாலாவது காம்பரா எட்வினுடையது. அந்த வியாழக்கிழமை பதினொரு மணி வாக்கில், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் படிக்கட்டில் நிதானமாக ஏறி வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். தோட்டத்து ஆள் இல்லை என்று நடையிலேயே தெரிந்தது.

"அனிற்றாவின்ர அப்பா, வீட்டில நிக்கிறியளோ?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் எட்வினுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முன்பு கணக்குப் படிப்பித்த சிவகௌரி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். பதின்மூன்று வருசத்துக்கு முன்னால் மாற்றலாகிப் போனவர். தலை பாதி நரைத்திருந்தது.

"அட, டீச்சரா. உள்ள வாங்க, நனையாதீங்க. வாசக்கல்லு வழுக்கும், பாத்து."

அவர் உட்காரக் கதிரையைத் தன் துண்டால் இரண்டு தரம் துடைத்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். காலையில் சுட்ட ரொட்டி இரண்டு மீதம் இருந்தது, கட்டச் சம்பலும் இருந்தது. டீச்சருக்கு அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்.

"உது ரொட்டியோ? ஒரு துண்டு தாங்கோ. பிலோமினாக்கா சுட்ட ரொட்டி நான் எத்தினை திண்டிருப்பன். அவா செத்தது எனக்குப் போன கிழமைதான் தெரியும். ஆரும் அறிவிக்கேல்ல."

"யாருக்குன்னு அறிவிக்கிறது டீச்சர். அவ போனதே அடுத்த காம்பராக்காரங்களுக்கு விடிஞ்சுதான் தெரியும்."

டீச்சர் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் புது மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். சுவரில் பெரிய பலகை அடித்து, பள்ளிக்கூடம் பெற்ற வெற்றிகளை எல்லாம் எழுதப் போகிறார்களாம். எழுதுவதற்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் அதிகம் இல்லை. இருப்பதில் பெரியது பெண்பிள்ளைகளின் வலைப்பந்துக் குழு. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மாகாண மட்டத்தில் இரண்டாமிடம். குழுவில் இருந்தவர்களின் பெயர்களைத் தரும்படி பழைய டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மற்ற ஆக்களின்ர பேரெல்லாம் எழுதியாச்சு. அனிற்றாவின்ர பேர்தான் பிரச்சினை. அவள்தானே தலைவி. ஆனா பைனல் ஆடேல்லத்தானே. பிரின்சிப்பல் யோசிக்கிறார்."

எட்வின் தேநீரை ஆற்றத் தொடங்கினான். தேவைக்கு அதிகமாகவே ஆற்றினான்.

அந்தக் குழுவைப் பற்றி அவனிடம் யாராவது கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்லுவான். ஆனால் கேட்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மைதானம் என்று ஒன்று அப்போது கிடையாது. பெரட்டுக் களத்தில்தான் பிள்ளைகள் பழகினார்கள். காலையில் ஆட்கள் மலைக்குப் போன பிறகும், பின்னேரம் பால் நிறுத்து முடிந்த பிறகும் களம் அவர்களுடையது. கம்பம் நட்டது எட்வின். ஓட்டைப் பால் வாளி ஒன்றின் இரும்பு வளையத்தைக் கழற்றிக் கம்பத்தின் உச்சியில் அடித்தான். முறையான வளையத்தைவிட அது இரண்டு விரல் சின்னது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சின்ன வளையத்தில் போட்டுப் பழகிய மகளுக்கு வெளியே எந்த வளையமும் அகலமாகத்தான் தெரிந்தது. வலயப் போட்டியில் அவள் எறிந்த பந்து ஒன்றுகூடத் தப்பவில்லை என்று ஊரே பேசியது. பிலோமினா பால் வெட்டிவிட்டு வந்த கையோடு மா பிசைந்து, குழுவுக்கே ரொட்டி சுட்டுப் போடுவாள். கடைவீதியிலிருந்து வரும் ஸம்ஹா மட்டும், எங்க உம்மாக்கு சொல்லாதீங்க அன்ட்டி என்று சொல்லிக்கொண்டு நாலு ரொட்டி சாப்பிடுவாள். குழு ஆடிய அந்த இரண்டு வருசந்தான் இந்தக் காம்பராவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நான் பிரின்சிப்பலுக்குச் சொன்னனான்" என்றார் டீச்சர். "தலைவி தலைவிதான், பேர் போடத்தான் வேணும் எண்டு. ஆனா எனக்கு உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அதுக்குத்தான் இந்த மழைக்குள்ள வந்தனான்."

"கேளுங்க டீச்சர்."

"நான் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பேக்க அனிற்றாவிட்டப் பிறந்த தேதி கேட்டனான். தொண்ணூற்றாறு மே எண்டு சொன்னவள். பதினாறு வயசு, பதினேழுக்குக் கீழ்ப்பட்ட போட்டிக்குச் சரி. சான்றிதழைப் பார்க்காமல் நான் அப்பிடியே எழுதிப்போட்டன், அது என்ர பிழை. இரத்தினபுரியில பைனல் அண்டைக்குச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தா, தொண்ணூற்று நாலு செப்டெம்பர் எண்டு கிடக்குது. வயசு கூடின பிள்ளை எண்டு நிப்பாட்டிப்போட்டினம். அவள் பொய் சொல்லுற பிள்ளையில்லை. என்னத்துக்கு எனக்கு அப்பிடிச் சொன்னவள்? பதின்மூண்டு வருசமா யோசிக்கிறன், எனக்கு விளங்கேல்ல."

எட்வின் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தான். அவனுக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னான்.

"புள்ள சொன்னது பொய்யில்ல டீச்சர். சான்றிதழ்தான் பொய்."

டீச்சர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்களுக்கு மொதல்ல பொறந்தது அனிற்றா. பதினாலு மாசத்துல காச்ச வந்து, தோட்டத்து லொறியில ஆசுபத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே போயிருச்சு. பாதி வழியில லொறிய திருப்பிக்கிட்டு வந்து, எங்க மலைக்கு மேலயே பொதச்சோம். செத்ததைப் பதியல. செத்த புள்ளைக்கு எதுக்குப் பத்திரம்னு இருந்துட்டோம். அப்ப பிலோமினா முழுகாம இருந்தா. அடுத்த மே மாசம் அரநாயக்கப் பக்கம் அவங்க அம்மா வீட்டுல பொறந்ததுதான் இவ. கோயில்ல ரோஷானின்னு ஞானஸ்நானம் குடுத்தோம். பொறப்ப அங்க போயி பதியணும். இந்த மாசம் போறேன், அடுத்த மாசம் போறேன்னு நான் அஞ்சு வருசத்த ஓட்டிப்புட்டேன். பள்ளிக்கூடத்துல சேக்குற நேரம் சான்றிதழ் கேட்டாங்க. தோட்டத்துக் கிளாக்கர் அய்யாதான் சொன்னாரு. வீட்டுல ஒரு சான்றிதழ் சும்மாதானே கெடக்கு, அதைக் குடு, யாரு வந்து கேக்கப் போறான்னு."

"அப்ப அனிற்றா எண்டிறது..."

"அக்காக்காரி பேரு. வீட்டுல ரோஷானி, பள்ளிக்கூடத்துல அனிற்றா. தோட்டத்துல எல்லாருக்கும் ரெண்டு பேரு இருக்குந்தானே, அவளும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டா. பொறந்தநாள் மட்டும் வீட்டுல மே மாசம் கேக் வாங்குவோம். அந்தத் தேதியத்தான் ஒங்ககிட்ட சொல்லியிருக்கா."

ஏழு வயது என்று எழுதிய சான்றிதழோடு ஐந்தரை வயதுப் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போனாள். தோட்டத்தில் பிள்ளைகள் பிந்திச் சேர்வது புதுமையில்லை, ஆளும் கொஞ்சம் வளர்த்தி, யாரும் கண்டுபிடிக்கவில்லை. செத்த பிள்ளையின் வயதை உயிரோடு இருக்கிற பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு எட்வின் நிம்மதியாக இருந்தான். அந்த நிம்மதிக்கு இரத்தினபுரி மைதானத்தில் கணக்குத் தீர்ந்தது.

ஜூலை பதினாலாம் தேதி. பெற்றோரில் போட்டிக்குப் போனது அவன் ஒருவன்தான். வெள்ளைச் சட்டைக்கு அயன் போட்டு உடுத்திக்கொண்டு போயிருந்தான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மாத்தயா சான்றிதழைப் பார்த்துவிட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, சிங்களத்தில் கேட்டார், இது உங்கள் மகளின் சான்றிதழா என்று. எட்வினுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இல்லை மாத்தயா என்று இரண்டு வார்த்தை சொல்ல அவனுக்குத் தெரியாதா. ஆனால் அந்த வருசந்தான் மகளுக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை. அடையாள அட்டைக்கும் அதே சான்றிதழைத்தான் அனுப்பியிருந்தார்கள். பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தால் சோதனை போகும், பொலிஸ் வரும் என்று பயந்தான். மகள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொல்லுங்கப்பா, நான் மே மாசந்தானே என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஓம் மாத்தயா, இது அவளுடையதுதான் என்றான்.

அவளுக்குப் பதிலாக ஸம்ஹா இறங்கினாள். இருபத்துமூன்றுக்கு இருபத்தொன்று. இரண்டு பந்தில் தோற்றார்கள். மகள் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கடைசி விசில் வரைக்கும் கத்திக் கத்திக் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ் லெல்லோபிட்டியவைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அனிற்றா யாரு?"

"ஒனக்கு மூத்தவ."

"எங்க அவ?"

"செத்துப்போச்சு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. படித்தாள், கொழும்புக்குப் போனாள். அப்பாமேல் கோபம் என்று ஒரு நாளும் காட்டியதில்லை. கோபப்பட்டிருந்தால் அவனும் பதிலுக்கு எதையாவது சொல்லி அழுதிருப்பான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது. டீச்சர் அதைத் தொடவில்லை.

"நீங்க அண்டைக்கு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்" என்றார். குரல் உயரவில்லை. "எனக்கு என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது டீச்சர். மாத்தல்ல போனீங்கன்னு சொன்னாங்க."

"மாத்தல் இல்லை, அனுப்பினவை. வெல்லுறதுக்காக ரீச்சர் பிள்ளையின்ர வயசை மறைச்சு எழுதினவா எண்டு விசாரணை வைச்சுக் கடிதம் தந்தவை. அது என்ர பைலில இப்பவும் கிடக்குது. கேகாலைப் பக்கம் அஞ்சாம் வகுப்போட முடியிற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டினம். பிறகு எந்தப் பிள்ளையையும் எந்தப் போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போக விடேல்ல. அதிபர் சேவைக்கு ரெண்டு தரம் நேர்முகத்துக்குப் போனன். ரெண்டு தரமும் அந்தக் கடிதத்தைத்தான் எடுத்து வைச்சவை. நானும் யோசிச்சன், ஒருவேளை நான்தான் தேதியைப் பிழையாக் கேட்டனோ, ஆசையில எனக்கு வேண்டின மாதிரிக் காதில விழுந்ததோ எண்டு. என்னையே நான் நம்பாமல் இருந்தன்."

தன் பொய்யால் ஒரு ஆட்டம் போனது, மகளின் பேச்சுப் போனது என்று மட்டுந்தான் இத்தனை வருசமாக நினைத்திருந்தான். இந்தப் பெண்ணையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கிறான்.

"நான் எழுதிக் குடுக்கிறேன் டீச்சர். உள்ளபடி எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். கொண்டுபோய்க் காட்டுங்க."

"என்ன கதைக்கிறியள். அவள் அரசாங்க வேலை. சான்றிதழ் பிழையெண்டு எழுத்தில போனா முதல் அவளைத்தான் பிடிப்பினம். எனக்கு இன்னும் கொஞ்ச வருசம், பிறகு பென்சன். விடுங்கோ."

விடுங்கோ என்று சொல்லிவிட்டாரே தவிர, அவர் எழும்பவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எட்வின் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். லயத்துக் கோடியில், பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். டீச்சர் குடையோடு பின்னால் வந்து அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"அப்பா? என்ன வெசாழக்கெழம எடுக்குறீங்க? ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லம்மா. சிவகௌரி டீச்சர் வந்திருக்காங்க."

அவன் சொன்னான். வரிசையாகச் சொல்ல வரவில்லை, முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் போனைப் பார்த்தான்.

"எழுதிக் குடுக்கணும்னு நெனக்கிறேம்மா. ஆனா எழுதினா ஒன் வேலை இருக்குமோ என்னமோ. நீ வேணாம்னா நான் எழுதல."

"எழுதுங்க" என்றாள்.

"வேலை போயிட்டா?"

"போனா வேற தேடிக்கிறேன். இருபத்தொம்பது வயசுதானே ஆகுது எனக்கு, ஆபீசுக்குத்தான் முப்பத்தொண்ணு. நீங்க உள்ளதை எழுதுங்கப்பா, கூட்டாம கொறைக்காம. டீச்சர் பக்கத்துல நிக்கிறாங்களா?"

"நிக்கிறன் பிள்ளை" என்றார் டீச்சர்.

"நான் ஒங்ககிட்ட பொய் சொல்லல டீச்சர்."

"ஓம். எனக்கு இப்ப தெரியும்." டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார். "பலகையில என்ன பேர் போட, அம்மா? ரோஷானி எண்டு போடவோ?"

"வேணாம் டீச்சர். அனிற்றான்னே இருக்கட்டும். மத்த மேட்ச் எல்லாம் அந்தப் பேருலதானே ஆடினேன். அது ஒண்ணாவது அவளுக்கு இருக்கட்டும்."

காம்பராவுக்கு வந்து டீச்சர் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். எட்வின் மேசையில்லாததால் பெட்டியைக் குப்புற வைத்து அதன்மேல் எழுதினான். எழுத்து அவனுக்குச் சுலபமாக வராது. என் பெயர் சூ. எட்வின், கலுகல்லத் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன் என்று தொடங்கினான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூலை பதினாலாம் தேதி காலை பத்தே காலுக்கு நான் பொய் சொன்னேன் என்று எழுதினான். ஆட்டக் கணக்கையும் எழுதினான், அது தேவையில்லை என்று டீச்சர் சொல்லியும் எழுதினான். எனது மூத்த மகள் அனிற்றா என்ற இடத்துக்கு வந்ததும் டீச்சர் கேட்டார்.

"செத்த தேதியும் போடுங்கோ. பதியாதபடியால் அது எழுத்தில வேணும்."

பேனா நின்றது. தொண்ணூற்றைந்து, மழைக்காலம். அவ்வளவுதான் வந்தது. லொறியின் நம்பர் ஞாபகம் இருந்தது. குழி வெட்டும்போது கல் தட்டி மண்வெட்டியின் பிடி உடைந்தது ஞாபகம் இருந்தது. தேதி வரவில்லை. யோசிக்க யோசிக்க ஜூலை பதினாலுதான் வந்து நின்றது. கேட்பதற்குப் பிலோமினாவும் இல்லை.

"இருங்க டீச்சர், வாறேன்."

குடையை எடுக்காமலே பீலிக்கு ஓடினான். யாரைக் கேட்கப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை, ஆனால் உலகத்தில் அவனுக்குக் கூப்பிட இருந்தது ஒரு நம்பர்தான்.

"மறுபடியும் என்னப்பா?"

"ஒன் அக்கா செத்த தேதி கேக்குறாங்கம்மா. எனக்கு ஞாபகத்துக்கு வரல. அம்மா ஏதாவது சாமி படத்துக்குப் பின்னால, எங்கயாச்சும் எழுதி வச்சிருந்துச்சா, ஒனக்குத் தெரியுமா?"

"நவம்பர் ஒம்பது" என்றாள் உடனே.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"அம்மாதான் சொல்லுச்சு. அன்னைக்கு பைனல் முடிஞ்சு வந்து, நீங்க பேசாம படுத்துட்டீங்கல்ல. அம்மா என்னைய மலைக்குக் கூட்டிக்கிட்டு போயி அந்த எடத்தைக் காட்டுச்சு. அதுக்குப் பொறகு வருசா வருசம் நவம்பர் ஒம்பது ரெண்டு பேரும் மெழுகுதிரி கொண்டுபோவோம். நீங்க பாலு நிறுக்கப் போற நேரமாப் பாத்துப் போவோம். அம்மா போன பொறகு நான் இங்க கோயில்ல பத்த வைக்கிறேன்."

அந்த இடத்தைச் சுற்றியுள்ள மரங்களில்தான் அவன் தினமும் பால் வெட்டுகிறான். அங்கே ஒரு கல்மேல் மெழுகு உருகிக் கிடப்பதைக் கண்டும் இருக்கிறான். வேறு ஆட்களின் குழிகளும் அங்கே உண்டு, நவம்பர் தொடக்கத்துக் கல்லறைத் திருநாளுக்கு யாரோ தங்கள் ஆளுக்கு வைத்தது என்று தாண்டிப் போயிருக்கிறான்.

"எனக்கு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் கேட்டாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

"நீங்க ஒரு நாளும் கேக்கலையேப்பா."

அவன் உள்ளே வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேதி கிடைச்சுதோ என்று டீச்சர் கேட்டார். ஓம் என்றான். தாள் நனைந்துவிடாமல் இருக்க ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் அழுத்தித் துடைத்துவிட்டு, தொண்ணூற்றைந்து நவம்பர் ஒன்பது என்று எழுதினான். மூன்று பேர் இருந்த வீட்டில் அந்தத் தேதி தெரியாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான்.